விற்பதா, மூடுவதா, விட்டுக்கொடுப்பதா?

சிறிய அளவில் மென்பொருள் வியாபாரம் நடத்திவருகிறவர்கள் சிலர், அதை மேற்கொண்டு என்ன செய்வது என்று சமீப காலமாக நம்மிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். இவர்களுடைய நிலைமை ஏறக்குறைய ஒரே மாதிரியானது. பத்துப் பதினைந்து வருஷங்களுக்கு முன் ஒருவரோ இருவரோ சேர்ந்து எழுதிய ஒரு மென்பொருள்; அதை நம்பிக் கணக்கு எழுதும் கடைக்காரர்கள், ஆலைக்காரர்கள், பள்ளிக்கூடங்கள்; வருஷா வருஷம் சந்தாவாக வரும் பணம்; சம்பளத்துக்கு இருக்கும் ஐந்தாறு பேர். லாபம் இல்லாமல் இல்லை. ஆனால் அது பெருகவும் இல்லை. நடத்துகிறவருக்கு வயது ஏறிவிட்டது, அல்லது அலுப்புத் தட்டிவிட்டது, அல்லது பெரிய கம்பெனி ஒன்று விலை பேச வந்திருக்கிறது. விற்றுவிடுவதா, வைத்துக்கொண்டு காலம் தள்ளுவதா, கதவை மூடிவிடுவதா என்பதே கேள்வி.

இது அவரவர் சொந்த விஷயமாயிற்றே, ஒரு தினப்பத்திரிகை இதற்காகத் தன் பத்திகளைச் செலவிடுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். ஒருவர் தமது மாட்டை விற்பது அவர் சொந்த விஷயந்தான். மாடு போய்விட்டால், பால் வாங்கியவர்கள் மறுநாள் வேறு வீட்டுக்குப் போவார்கள். மென்பொருள் விஷயம் அப்படிப்பட்டதன்று. அதை உபயோகித்தவர்களுடைய பல வருஷத்துப் பேரேடும், பாக்கிப் பட்டியலும், மாணவர்களின் மார்க்குப் பதிவும் அதற்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கின்றன. வியாபாரம் கைமாறும்போது பெட்டியின் சாவி விற்றவரிடமிருந்து வாங்கியவரிடம் போகிறது. பெட்டிக்குள் இருக்கும் பொருளோ மூன்றாவது மனிதர் ஒருவருடையது. பேரம் நடக்கும் அறையில் அந்த மூன்றாவது மனிதருக்கு நாற்காலி போடுவதில்லை. அவரை முன்னிட்டே நாம் இதை எழுதப் புகுந்தோம்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். தம்மிடம் விற்பதற்கு என்ன இருக்கிறது என்று தெரியாமலே விலை பேச உட்காருகிறவர்கள் அநேகர். இந்தியாவில் 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி கம்ப்யூட்டர் மென்பொருள் ஓர் இலக்கியப் படைப்பாகக் கருதப்படுகிறது. கவிராயருடைய பிரபந்தமும், மளிகைக் கடையில் பில் போடும் மென்பொருளும் சட்டத்தின் கண்ணில் ஒரே இனம்! ஆகவே அதை எழுதியவர் யார், எந்த ஏற்பாட்டின் பேரில் எழுதினார் என்பதைப் பொறுத்தே உரிமை நிற்கிறது. சம்பளத்துக்கு வேலை செய்பவர் தம் வேலையின் பகுதியாக எழுதியது, மாறான ஒப்பந்தம் இல்லாவிடில், எஜமானருக்குச் சேரும். ஆனால் சிறிய கம்பெனிகளில் பாதி மென்பொருளை வெளியார் ஒருவர் கூலி பேசிக்கொண்டு எழுதிக் கொடுத்திருப்பார். அவரிடமிருந்து உரிமை வந்துசேர வேண்டுமானால், எழுத்து மூலமான கையொப்பமிட்ட பத்திரம் வேண்டும். அந்தப் பத்திரத்திலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷத்துக்கு மட்டுமே மாற்றிக் கொடுத்ததாகச் சட்டம் கொள்ளும்; இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே. எட்டு வருஷத்துக்கு முன் ஒரு சிநேகிதருக்குப் பணம் கொடுத்து எழுதி வாங்கிய மென்பொருளை இன்று அமெரிக்கக் கம்பெனிக்கு விற்கப் புறப்படுகிறவர், அந்தப் பழைய காகிதத்தை ஒருமுறை தேடி எடுத்துப் படித்துப் பார்ப்பது நலம். படித்த பிறகு சிநேகிதரைத் தேடவேண்டியும் நேரலாம்.

இன்னொன்று. வாங்க வருகிறவர், ‘நீர் இனி இதே தொழிலைச் செய்யக்கூடாது’ என்று ஒரு ஷரத்துப் போடுவார். தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு. அதற்கு அந்தப் பிரிவிலேயே கண்டுள்ள விதிவிலக்கு, வியாபாரத்தை அதன் நற்பெயரோடு சேர்த்து விற்பவருக்கே உரியது. நியாயமான எல்லைக்குள் அவரைக் கட்டுப்படுத்தலாம். ஆகையால் விற்பவர் இதைப் பேருக்குப் போடும் ஷரத்து என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டுவிடலாகாது. நாற்பது வயதில் விற்றுவிட்டு, தமக்குத் தெரிந்த ஒரே தொழிலைத் தாமே செய்யமுடியாமல் உட்கார்ந்திருக்க நேரும்.

சட்டம் இவ்வளவு. ஆனால் சட்டம் தெரிந்தவர்களும் கெட்டுப்போனதற்குச் சரித்திரத்தில் சான்று உண்டு. இன்று உலகமெங்கும் கணக்கர்கள் கையாளும் கட்டம் போட்ட கணக்குத்தாளைச் சிறு கம்ப்யூட்டருக்கு முதன்முதல் கொண்டுவந்தது விஸிகால்க் என்னும் மென்பொருள். 1979-ல் டான் பிரிக்ளின், பாப் ஃப்ராங்க்ஸ்டன் என்ற இரு அமெரிக்கர்கள் அதை ஆக்கினார்கள். எழுதியது இவர்களுடைய கம்பெனி. விற்றது வேறொரு கம்பெனி. உடைமை ஒரு கையிலும் கடைவீதி மற்றொரு கையிலுமாக அமைந்த அந்த ஏற்பாடு, வியாபாரம் செழிக்கும் வரையில் இனிப்பாகவே இருந்தது. 1983-ல் விற்பனைக் கம்பெனி எழுதினவர்கள் மேல் வழக்குத் தொடுத்தது. அதே வருஷத் தொடக்கத்தில் லோட்டஸ் கம்பெனியின் 1-2-3 என்ற போட்டி மென்பொருள் கடைக்கு வந்தது. வழக்காளிகள் இருவரும் கோர்ட்டுப் படிக்கட்டில் நின்றுகொண்டிருக்கையில், வாடிக்கைக்காரர்கள் லோட்டஸ் வாசலில் கூடினார்கள். 1985-ல் பிரிக்ளின் கம்பெனியின் சொத்தை லோட்டஸே வாங்கி, விஸிகால்க்கை நிறுத்திவிட்டது. என்ன செய்வது என்று தீர்மானிக்கும் சக்தி கையில் இருந்த காலத்தில் தீர்மானிக்காமல், அது கைவிட்டுப் போன பின்பு விற்ற கதை இது.

நிற்க. இக்காலத்தில் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் மென்பொருளுக்காகவே வருகிறார்கள் என்று எண்ணுவது தவறு. சிலர் அதை எழுதினவர்களுக்காக வருகிறார்கள். ஸ்பாரோ என்று ஒரு மென்பொருள் இருந்தது. பிரான்ஸ் தேசத்துச் சிறு கூட்டத்தார் ஒருவர் ஆக்கிய அந்த அஞ்சல் மென்பொருளை, ஜனங்கள் காசு கொடுத்து வாங்கி மகிழ்ந்தார்கள். 2012 ஜூலையில் கூகிள் அந்தக் கம்பெனியை வாங்கிற்று. எழுதினவர்கள் கூகிளின் சொந்த அஞ்சல் வேலைக்குப் போனார்கள். ஸ்பாரோவுக்குப் புதிதாக ஒன்றும் சேர்க்கப்படாது என்று அன்றே அறிவிக்கப்பட்டது. தோட்டக்காரனை அழைத்துக்கொண்டு போய்விட்டுத் தோட்டத்தை வாட விட்டாற்போல ஆயிற்று. எழுதினவர்களை நாம் குறைகூறவில்லை. அவர்களுக்கும் வயிறு உண்டு. ஆனால் காசு கொடுத்து வாங்கினவர்களுக்கு அந்தப் பேரத்தில் என்ன கிடைத்தது? ஒரு நன்றி அறிவிப்புக் கடிதம்.

டெலிஷஸ் என்பதன் கதை இதைவிட விநோதமானது. இணையத்தில் தாம் படித்தவற்றின் முகவரிகளை ஜனங்கள் குறித்துவைத்துக்கொள்வதற்காக 2003-ல் ஒருவர் ஏற்படுத்தியது அது. 2005-ல் யாஹூவுக்கு விற்கப்பட்டது. 2010 டிஸம்பரில், யாஹூ அதைக் கைவிடப்போகிறது என்ற செய்தி வெளியே கசிந்ததும், அதில் தங்கள் குறிப்புக்களைச் சேர்த்துவைத்திருந்தவர்கள் கலங்கிப் போனார்கள். அவர்களில் திரளானவர்கள் போய்ச் சேர்ந்த இடம் பின்போர்டு என்ற சிறு கடை. மாசேய் செக்லாவ்ஸ்கி என்ற ஒருவர் 2009-ல் தொடங்கி, ஆரம்பத்திலிருந்தே கட்டணம் வாங்கிக்கொண்டு, பெரிய முதலாளிகளின் பணத்தைத் தேடாமல் நடத்திவந்தது அது. டெலிஷஸ் அதற்குப் பின் கை மேல் கை மாறிற்று. கடைசியில் 2017 ஜூனில் அதை வாங்கியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பின்போர்டுக்காரரே, கொடுத்த விலை 35,000 டாலர். நல்ல மோட்டார் கார் ஒன்றின் விலை. வாங்கியதும் புதிய சேர்க்கையை நிறுத்திவிட்டு, பழைய குறிப்புக்கள் அழியாதபடி பார்த்துக்கொள்வதாக அறிவித்தார்.

ஒரு வியாபாரம் சிறியதாக இருப்பதை வியாதி என்று கருதுகிற ஒரு மனோபாவம் நமது வாலிபர்களிடையே பரவியிருக்கிறது. வருஷந்தோறும் இரட்டிக்காத கம்பெனி செத்த கம்பெனி என்று சொல்லக் கேட்கிறோம். பிறர் முதலை வாங்கித் தொடங்கியவர்களுக்கு அந்தப் பேச்சுப் பொருந்தும். முதல் போட்டவர் பன்மடங்காய்த் திரும்பி வருவதை எதிர்பார்த்தே போடுகிறார். தம் சொந்தக் காசிலும் வாடிக்கைக்காரர் சந்தாவிலும் வளர்ந்தவர் அந்த அளவுகோலை ஏன் இரவல் வாங்கவேண்டும்? சம்பளத்தையும் சர்வர் வாடகையையும் கொடுத்து மிச்சம் நிற்கும் தொழில், மிச்சம் நிற்கும் வரை நல்ல தொழிலே. அதை வைத்துக்கொள்ள விரும்புகிறவர் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் சொல்வோம்: மென்பொருளின் மர்மங்கள் எல்லாம் ஒருவருடைய தலைக்குள்ளும், மூலநிரல் அவருடைய ஒரே மடிக்கணினியிலுமாக இருக்குமானால், அது வைத்துக்கொள்வது ஆகாது. அவருக்கு ஒரு வாரம் ஜுரம் வந்தால் ஊரிலுள்ள கடைகளுக்கெல்லாம் ஜுரம் வரும்.

இனி, விற்கவும் வகையில்லாமல் நடத்தவும் வகையில்லாமல் போன ஒரு வியாபாரத்தைப் பற்றிக் கூறுகிறோம். இதைச் சற்று விரிவாகவே கூறவேண்டியிருக்கிறது.

ஹாலந்து தேசத்தில் டோன் ரூஸண்டால் என்பவர், பொம்மைச் சித்திரங்களை அசையவைத்துப் படமாக்கும் ஒரு நிலையத்தில் பங்காளியாக இருந்தார். அந்நிலையத்தின் சொந்த உபயோகத்துக்காக 1994-ல் அவர் எழுதத் தொடங்கியது ப்ளெண்டர் என்ற மென்பொருள். 1998-ல் அதைக் கொண்டே நாட் எ நம்பர் என்ற கம்பெனியை ஏற்படுத்தினார். மென்பொருளை இலவசமாகக் கொடுப்பது, அதைச் சுற்றியுள்ள சேவைகளையும் சரக்குகளையும் விற்பது என்பது உத்தேசம். 2000-ல் முதலாளிகள் 45 லட்சம் யூரோ கொடுத்தார்கள். ஐம்பது பேர் வேலைக்கு வந்தார்கள். அவ்வருஷக் கடைசியில் உபயோகிக்கிறவர்கள் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டார்கள். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் இரண்டரை லட்சம் பேர் உபயோகிப்பது வேறு, அவர்கள் பணம் கொடுப்பது வேறு. 2001 ஏப்ரலில் கம்பெனியைச் சுருக்கிப் புதிய முதலாளிகளின் பணத்தில் மறுபடியும் தொடங்கினார்கள். விற்பனைக்கென்று வெளியிட்ட சரக்கு எதிர்பார்த்தபடி விலைபோகவில்லை. 2002 தொடக்கத்தில் முதலாளிகள் கடையை மூடிவிட்டார்கள். ப்ளெண்டரும் அதனோடு நிறுத்தப்பட்டது.

சாதாரணமாகக் கதை இங்கே முடிந்துவிடும். மூலநிரல் முதலாளிகளின் அலமாரியில் கிடக்கும். எழுதினவர்கள் வேறு வேலைக்குப் போவார்கள். உபயோகித்தவர்கள் சிறிது காலம் புலம்பிவிட்டு வேறொன்றைக் கற்றுக்கொள்வார்கள். மூலநிரல் என்று நாம் சொல்வது, மென்பொருளை ஆக்கியவர்கள் கைப்பட எழுதிய வரிகளை. இயந்திரத்தில் ஓடும் பிரதி வேறு. படித்துத் திருத்தக்கூடிய இந்த மூலப்பிரதி வேறு. இது இல்லாவிட்டால் ஓடும் பிரதி இருந்தும் நாளடைவில் பயனற்றுப் போகும். இயந்திரங்கள் மாறிக்கொண்டேயிருக்கும், மென்பொருள் மாறாது நிற்கும்.

ரூஸண்டால் முதலாளிகளோடு சண்டைக்குப் போகவில்லை. 2002 மார்ச்சில் லாப நோக்கமற்ற ஓர் அறநிலையத்தைப் பதிவு செய்துகொண்டு அவர்களிடம் போனார். இந்த மூலநிரலை உங்களிடமிருந்து விலைக்கு வாங்கி உலகத்துக்கு விட்டுவிட எவ்வளவு வேண்டும் என்பதே பேச்சு. 1,00,000 யூரோ என்று தொகை தீர்ந்தது. ஜூலையில் உபயோகிப்போரிடம் சந்தா திரட்டத் தொடங்கினார்கள். வேலையிழந்த பழைய ஊழியர்களே தொண்டர்களாக வந்து உழைத்தார்கள். பணம் சேர எத்தனை காலம் ஆகுமோ என்று பயந்தவர்கள் பிரமிக்கும்படி ஏழே வாரத்தில் முழுத்தொகையும் சேர்ந்துவிட்டது. 2002 அக்டோபர் 13-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ப்ளெண்டரின் மூலநிரல் பொதுவில் வெளியிடப்பட்டது. யாரும் எடுத்து உபயோகிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். திருத்தியதைப் பிறருக்குக் கொடுப்பவர் அதே சுதந்திரத்தோடு கொடுக்கவேண்டும் என்பது அதன் ஷரத்து.

அன்று ஐம்பது பேருக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் மூடப்பட்ட அந்த மென்பொருளைக் கொண்டே, லாட்வியா தேசத்து இளைஞர் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் ஆக்கிய ‘ஃப்ளோ’ என்ற படம் 2025-ல் சிறந்த அசைசித்திரப் படத்துக்கான ஆஸ்கார் பரிசைப் பெற்றது. ஒரு பூனையைப் பற்றிய, வசனமே இல்லாத படம்.

இந்தக் கதையைக் கேட்டவுடன், எல்லாவற்றையும் பொதுவில் விட்டுவிடுங்கள் என்று நாம் உபதேசம் செய்யப்போவதாக நேயர்கள் எண்ணவேண்டாம். மூலநிரலைத் தெருவில் வைத்துவிட்டுப் போனால் யாரோ வந்து எடுத்து வளர்ப்பார்கள் என்பது வெறும் ஆசை. அப்படி வைக்கப்பட்டு, எடுப்பாரின்றிக் கிடக்கும் மென்பொருள்கள் எண்ணிலடங்கா. ப்ளெண்டர் பிழைத்ததற்கு மூன்று காரணங்கள் சேர்ந்திருந்தன. உரிமை யாருடையது என்பது ஐயமறத் தெரிந்திருந்தது; உரிமைக்காரர் ஒரு தொகையைச் சொல்ல இசைந்தார்; உபயோகித்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்த கூட்டமாக இருந்தார்கள். நமது ஊர் வியாபாரங்களில் இந்த மூன்றாவது பெரும்பாலும் இல்லை. கணக்கு மென்பொருளை உபயோகிக்கும் அரிசி ஆலைக்காரர், அதையே உபயோகிக்கும் அடுத்த ஜில்லாக்காரரை அறியமாட்டார். அறியாமல் பார்த்துக்கொள்வதே சாமர்த்தியம் என்று நினைக்கும் சொந்தக்காரர்களும் உண்டு. தொழில் நல்ல நிலையில் இருக்கும்போதே வாடிக்கைக்காரர்களை வருஷத்துக்கு ஒருமுறை ஓரிடத்தில் கூட்டுகிறவருக்கு, கஷ்டகாலத்தில் பேசுவதற்கு ஒரு சபை இருக்கும். வாங்குபவர்களும் அந்தச் சபைக்குள்ளிருந்தே கிளம்பலாம்.

மூடுவது என்று தீர்ந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 248-வது பிரிவின்படி, பொறுப்புக்களையெல்லாம் தீர்த்துவிட்டு, செலுத்திய மூலதனத்தில் முக்கால் பங்குக்கு உரியவர்களின் சம்மதத்தோடு, பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடும்படி கம்பெனி பதிவாளரிடம் மனுச் செய்யலாம். பொறுப்பு என்றவுடன் பாங்கிக் கடனும் வரிப் பாக்கியும் மட்டுமே பலர் ஞாபகத்துக்கு வரும். முன்கூட்டி வாங்கிய சந்தாவும் பொறுப்பே. ஏப்ரலில் ஒரு வருஷத்துச் சந்தாவை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு, ஆகஸ்டில் சர்வரை நிறுத்துகிறவர், எட்டு மாதத்துப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவர். சிறு கடைக்காரர் வக்கீல் நோட்டீஸ் விடமாட்டார் என்ற தைரியம் ஒரு நியாயமாகாது. கணக்குப் பதிவுகளை, வேறு மென்பொருள் படித்துக்கொள்ளக்கூடிய வடிவத்தில் ஒவ்வொருவரிடமும் ஒப்படைப்பதும், அதற்கு ஒரு பூரண வருஷம் அவகாசம் கொடுப்பதும் மூடுகிறவரின் கடைசி வேலைகள்.

விற்கிறவர்களில், நல்ல மனிதர்களும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. விலையில் ஒரு பகுதி ரொக்கம். மீதி இரண்டு மூன்று வருஷத்தில், இன்ன வரவு வந்தால் மட்டும் என்று வாங்குபவர் சொல்வார். மொத்தத் தொகை பெரிதாகத் தெரியும். ஆனால் அந்த இரண்டு மூன்று வருஷமும் கடை வாங்கியவர் கையில். வரவை உயர்த்துவதும் தாழ்த்துவதும் அவர் செயல். விற்றவரோ தம் சொந்தக் கடையில் சம்பளக்காரராய் உட்கார்ந்து, தமக்கு வரவேண்டிய பாக்கிக்காகப் புதிய எஜமானரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். சந்தாவை உயர்த்து என்றால் உயர்த்துவார். பழைய ஊழியரை நீக்கு என்றால் நீக்குவார். ஆகவே நமது அபிப்பிராயத்தில், கையில் வரும் ரொக்கத்தையே விலை என்று கொண்டு, அது போதுமானால் விற்கவேண்டும். மீதி வந்தால் வரட்டும்.

ஊழியர்களைப் பற்றியும் பத்திரம் எழுதும் முன்பே பேசிவிடவேண்டும். பத்து வருஷம் உடனிருந்தவர்கள் தங்கள் கம்பெனி விலைபோன செய்தியைப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ளும் நிலை கௌரவமானதன்று. அவர்களில் ஒருவரோ பலரோ சேர்ந்து தவணையில் வாங்கிக்கொள்ள முடியுமா என்று முதலில் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமொன்றுமில்லை. வெளியார் கொடுப்பதைவிடக் குறைவாகவே கொடுப்பார்கள். ஆனால் அந்த மென்பொருளின் இண்டு இடுக்கெல்லாம் அறிந்தவர்கள் அவர்களே.

விற்பனைப் பத்திரத்தில் நாம் சேர்க்கச் சொல்லும் ஷரத்துக்கள் அதிகமில்லை. இரண்டு வருஷத்துக்குள் மென்பொருளை நிறுத்துவதாயிருந்தால் வாடிக்கைக்காரர்களுக்கு ஒரு வருஷ நோட்டீஸ் கொடுக்கவேண்டும். அவரவர் பதிவுகளை அவரவர் எடுத்துக்கொள்ளும் வசதி எப்போதும் இருக்கவேண்டும். மூலநிரலின் பிரதி ஒன்று நடுவர் ஒருவரிடம் வைக்கப்பட்டு, வாங்கியவர் கைவிட்டால் உபயோகிக்கிறவர்களுக்குக் கொடுக்கப்படவேண்டும். இவற்றைச் சேர்த்தால் விலை குறைந்துவிடும் என்று நம்மிடம் ஆட்சேபிக்கிறார்கள். குறையலாம். எவ்வளவு குறையும் என்பதை வாங்குபவரிடமே கேட்டு, ஷரத்துக்களோடு ஒரு தொகையும் ஷரத்துக்கள் இல்லாமல் ஒரு தொகையுமாக எழுத்தில் வாங்கிக்கொண்டு, இரண்டையும் மேஜைமேல் வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.